கௌபாய் படத்தின் குறைகள்

அந்தப் படத்தைப் பார்த்த அன்று, அதில் வரும் மளிகைக்கடைக்காரரைக் கண்டு கூடத்திலேயே அதிகமாகச் சிரித்தவள் நான்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் முழங்கையால் லேசாக இடித்து, "மெதுவா சிரிம்மா, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க" என்றார்.

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு சிறிய திரைப்படச் சங்கம் நடந்துவந்தது. உறுப்பினர்கள் நாற்பது பேர் இருந்தாலே அதிகம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில், ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி ஒரு வெளிநாட்டுப் படம் போடுவார்கள். புரொஜெக்டர் கூடத்துக்கு நடுவிலேயே இருக்கும். அது ஓடுகிற கடகட சத்தத்தில் பாதி வசனம் காதில் விழாது. ரீல் மாற்றும்போது விளக்கைப் போட்டு டீ கொடுப்பார்கள். சங்கத்தின் செயலாளர் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். நான் பள்ளியில் ஆங்கில ஆசிரியை என்பதால், சங்கத்தின் சைக்ளோஸ்டைலில் நகலெடுத்துத் தரும் பத்திரிகைக்கு அவ்வப்போது என்னை விமர்சனம் எழுதச் சொல்வார். எந்தப் படமானாலும் அவருக்கு இரண்டு தலைப்பில் வரவேண்டும்: நிறைகள், குறைகள். பரிசோதனைக்கூடக் குறிப்பேடு மாதிரி.

அந்த மாதம் வந்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளை கௌபாய் படம். புழுதி பறக்கும் ஒரே தெரு உள்ள ஊர். அங்கே குதிரைகளுக்குச் சேணம் தைக்கிற ஒருவன். பெரிய பண்ணைக்காரனின் தம்பி, கிணறு வெட்ட வந்த ஓர் ஆளைச் சுட்டுக் கொல்வதை அவன் பார்த்துவிடுகிறான். பத்து நாளில் நீதிபதி ஊருக்கு வரப்போகிறார். அதுவரைக்கும் பண்ணைக்காரனின் ஆட்கள் மூன்று பேர் சேணக்காரனின் கடைக்கு எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். மிரட்டுவதில்லை. துப்பாக்கியைத் தொடுவதுகூட இல்லை. ஒருவன் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கத்தியால் ஒரு குச்சியைச் சீவிக்கொண்டே இருக்கிறான். அதைக் காமிரா நகராமல் நெடுநேரம் காட்டுகிறது. கொலையைப் பார்த்த இன்னொருவர் மளிகைக்கடைக்காரர். சேணக்காரன் அவரைத் துணைக்குக் கூப்பிட வரும்போது அவர் மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்து, முகமெல்லாம் வெள்ளையாக எழுந்து, கீச்சுக்குரலில், தான் எதையுமே பார்க்கவில்லை என்கிறார். அப்போதுதான் நான் அப்படிச் சிரித்தேன். கடைசியில் சேணக்காரன், மனைவி தடுத்தும் கேளாமல் தெருவில் இறங்கி மூன்று பேரையும் சுட்டு வீழ்த்துகிறான். பிறகு நீதிபதி முன்னால் போய் நின்று தான் பார்த்ததைச் சொல்கிறான். அவன் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

எனக்கு அந்தச் சேணக்காரனை மிகவும் பிடித்துப்போனது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அப்போது நானும் ஒரு சாட்சி.

நான்கு மாதம் முன்னால் ஒரு சனிக்கிழமை. பள்ளி அரை நாள். மத்தியானம் ஒரு மணிக்குப் பெருங்களத்தூர் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எங்கள் வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்கரைக்குப் பக்கத்துத் தெருவில். குடையை விரித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டப்போன நேரம், எதிர்ப்பக்கம் சைக்கிளில் வந்த ஒருவரை மூன்று பேர் மறித்தார்கள். சைக்கிள்காரரை எனக்கு முகம் தெரியும். எங்கள் தெருவுக்கு அப்பால் கொஞ்சம் நிலம் வைத்துக் கீரை பயிரிடுகிறவர். சுற்றியிருந்த வயல்கள் எல்லாம் மனைகளாகப் போன பிறகும் அவர் விற்காமல் இருந்தார். தன் நிலத்துக்குள் யாரோ நட்டுவிட்டுப் போன சர்வே கற்களைப் பிடுங்கி ரோட்டில் போட்டுவிட்டார் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாமவன் வெளிர்நீலச் சட்டை போட்டிருந்தான். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தான். அவருடைய வலது கையை சைக்கிள் பாரின் மேல் வைத்து, இரும்புக் குழாயால் மூன்று தடவை அடித்தான். அவசரமே இல்லாமல் அடித்தான். அடித்துவிட்டு நிமிர்ந்தபோது ரோட்டுக்கு இந்தப் பக்கம் குடையோடு நின்ற என்னைப் பார்த்தான். பிறகு மூன்று பேரும் ஒரு வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

நான் குடையோடு அப்படியே நின்றேன். கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் கேட்டது. இளநீர் விற்கிற ஒரு அம்மா மட்டும் "டீச்சர், இன்னா நின்னுகினு கீறே, வா, ஒரு கை புடி!" என்று கத்திய பிறகுதான் ஓடினேன். இருவருமாக அவரை ஒரு ஆட்டோவில் ஏற்றினோம். அரசு ஆஸ்பத்திரி வரைக்கும் அவருடைய கையை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். போலீஸ் வந்து கேட்டபோது கடைக்காரர்கள் எல்லோரும் உள்ளே வேலையாக இருந்தோம் என்றார்கள். இளநீர்க்கார அம்மா சத்தம் கேட்டுத் திரும்பியபோது வேன்தான் தெரிந்தது என்றார். நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். நீலச் சட்டை, கடிகாரம், எல்லாம். எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை பள்ளியில் பிரேயர் முடிந்ததும் தலைமை ஆசிரியை என் செயலைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெருமையோடுதான் நான் அந்தப் படத்துக்குப் போனேன்.

விமர்சனத்தில் நிறைகளை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். பேச்சைக் குறைத்து மௌனத்தால் பயத்தைக் காட்டியிருக்கும் விதம், குச்சி சீவுகிற காட்சி, வெட்டவெளியை அகலமாகக் காட்டும் ஒளிப்பதிவு, இறுக்கத்தைத் தளர்த்த வரும் மளிகைக்காரரின் நகைச்சுவை. செயலாளர் வாங்கிப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பினார். பின்பக்கம் காலியாக இருந்தது.

"குறைகள் எங்கம்மா?"

"எனக்கு ஒண்ணும் தோணலை சார்."

"குறை இல்லாத படம் கிடையாது. யோசிங்க. அடுத்த இதழ் வர எப்படியும் ரெண்டு மூணு மாசம் ஆகும்."

அந்த வாரமே கோர்ட்டிலிருந்து எனக்குச் சம்மன் வந்தது.

சம்மன் வந்த மறுநாள் காலை பால் வாங்கக் கதவைத் திறந்தேன். எங்கள் வீட்டுக்கு எதிரில், ஏரித் தண்ணீர் போகும் வாய்க்காலின் மேல் ஒரு சின்னக் கல்வெர்ட் பாலம் உண்டு. அதன் கட்டைச் சுவரில் ஒருவன் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். மெலிந்த ஆள். பக்கத்தில் ஒரு மொபெட். என்னைப் பார்த்ததும் மரியாதையாகத் தலையை அசைத்தான். யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தபோது அவன் அங்கேயே இருந்தான். காலடியில் கடலைத் தோல் குவிந்திருந்தது.

அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் நான் கேட்டைத் திறந்தபோது பேசினான்.

"இன்னா டீச்சர், இன்னிக்கு லேட்டா? ஏழு அம்பதுக்கு ஒரு பஸ் கீதே, அத்த வுட்டுட்டியா?"

நான் நடையை வேகமாக்கினேன். நான் போகும் பஸ் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெருமுனை வரை முதுகில் அவன் பார்வை இருப்பதுபோலவே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் பார்த்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

பயம் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் படத்தில் பார்த்ததுதான். படத்தில் அது இருபது நிமிஷம் நீடித்தது. எனக்கு ஒன்றரை மாதம். படத்தில் யாரும் பால் வாங்கப் போவதில்லை. எனக்குத் தினமும் பால் வாங்க வேண்டியிருந்தது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு வெளியில் நிற்க வேண்டியிருந்தது. துணி காயப்போட மாடிக்குப் போனால் அவன் நிமிர்ந்து பார்ப்பான். பாத்திரம் கழுவும்போது கை வழுக்கி டம்ளர் விழுந்தால் ஓடிப்போய் வாசல் தாழ்ப்பாளைப் பார்ப்பேன். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது அடுத்த வாக்கியம் மறந்துபோகும். பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் கணவர் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுபவர். சாதுவான மனிதர். கௌபாய் படம் என்றால் உயிர். கல்லூரி நாட்களில் ரயிலேறி மவுண்ட் ரோடு போய் ஒரே படத்தை நாலு தடவை பார்த்தவர். காலையில் ஷேவ் செய்யும்போது அந்தப் படங்களின் மெட்டை விசில் அடிப்பார். கடலைக்காரன் வந்த இரண்டாம் வாரத்திலிருந்து விசில் நின்றுபோனது. ஜன்னல்களுக்கு இன்னொரு கம்பி அடிக்கவைத்தார். என்னை பஸ் ஏற்றிவிட்டுத்தான் ஆபீஸ் போனார்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் இருவருமாகச் சொன்னோம். சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களை ஏதாவது சொன்னானா?"

"இல்லை சார்."

"கேட்டுக்குள்ள வந்தானா? கையைக் கிய்யைப் புடிச்சானா?"

"இல்லை. கடலை திங்கறான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "ரோட்ல உக்காந்து கடலை திங்கறதுக்கு நான் என்னம்மா கேஸ் போடறது? ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி வெக்கறேன்" என்றார். கான்ஸ்டபிள் வந்தார். அவன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். அவருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தான்.

எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. பக்கத்துத் தெரு நர்சரியில் விட்டிருந்தோம். ஒரு மத்தியானம், எனக்கு லீவு நாள், அவளை அழைத்துக்கொண்டு வந்தேன். கேட்டின் தாழ்ப்பாள் இறுகியிருந்தது. அவள் கையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அதைத் தள்ளினேன். திரும்பிப் பார்த்தால் அவள் கல்வெர்ட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் குனிந்து உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தான். உரித்த கடலைப் பருப்புகள்.

"துன்னு பாப்பா. நல்லா கீது."

அவள் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் ஓடினேனா, நடந்தேனா, தெரியாது. அவளை வாரித் தூக்கியபோது என் செருப்பு ஒன்று வாய்க்காலில் விழுந்துவிட்டது. அவன் இறங்கிப் போய் அதை எடுத்து, தண்ணீரை உதறி, என் காலடியில் கொண்டுவந்து வைத்தான்.

"பயப்படாத டீச்சர். கடலைதானே துன்னுச்சு. எனக்கும் ஒரு பொண்ணு கீது, இத்தினிதான் இருக்கும்."

வீட்டுக்குள் போய்க் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு எல்லாவற்றையும் துப்பவைத்தேன். அவள் அழுதாள். நான் அவளைவிடச் சத்தமாக அழுதேன். அன்றிலிருந்து மூன்று வாரம் அவளைக் குரோம்பேட்டையில் என் நாத்தனார் வீட்டில் விட்டுவைத்தோம்.

அன்று சாயங்காலம் கணவர் என் முன்னால் உட்கார்ந்து கேட்டார்: "போலீஸ்ல சொன்னதோட விடக்கூடாதா? கோர்ட்ல, சரியா ஞாபகம் இல்லைன்னு சொன்னா என்ன? யாரு உன்னைத் தப்பு சொல்லப்போறா?"

"அவரு கையை நான் மடியில வெச்சிருந்தேங்க" என்றேன்.

அவர் எழுந்து போய்க் கேட்டைப் பூட்டிவிட்டு வந்தார்.

முதல் முறை செங்கல்பட்டுக் கோர்ட்டுக்குப் போனபோது எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்று வாய்தா போட்டார்கள். இரண்டாம் முறை வேறொரு வழக்கு நீண்டுபோய் எங்களுடையது எடுக்கப்படவே இல்லை. இரண்டு முறையும் வராந்தாவில் நீலச் சட்டைக்காரன் என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் நின்றிருந்தான். வேறு நிறச் சட்டை. கடிகாரம் மட்டும் அப்படியே உள்பக்கம் திரும்பியிருந்தது. கீரைக்காரர் மனைவியோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அவருடைய இரண்டு விரல்கள் மடங்கவில்லை. என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். அவர் எழுந்து நிற்பது எனக்குத் தைரியமாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது.

மூன்றாவது தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது கடலைக்காரன் வருவது நின்றது. முதல் நாள் நம்பவில்லை. மாடியிலிருந்து, சமையலறையிலிருந்து, கேட்டின் இடுக்கிலிருந்து பார்த்தேன். கட்டைச் சுவர் காலியாக இருந்தது. நாலைந்து நாள் போனதும் தோலைக்கூடக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. அலுத்துப்போய்விட்டான் என்று நினைத்தேன். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மகளைத் திரும்ப அழைத்துவந்தோம்.

அந்தத் தைரியத்தோடுதான் கூண்டில் ஏறினேன்.

அரசு வக்கீல் பேர், வயது, வேலை எல்லாம் கேட்டார். அன்று என்ன பார்த்தேன் என்று கேட்டார். சொன்னேன். குரல் நன்றாகவே வந்தது. சைக்கிள், மூன்று பேர், இரும்புக் குழாய், மூன்று அடி. பிறகு கேட்டார்:

"அடிச்ச நபர் இந்தக் கோர்ட்ல இருக்காரா? இருந்தா அடையாளம் காட்டுங்க."

நான் திரும்பினேன். அவன் எனக்கு நேர் எதிரில் நின்றான். முறைக்கவில்லை. பள்ளியில் பெற்றோர் நிற்பதுபோல் கைகளை முன்னால் கட்டிக்கொண்டு சாந்தமாக நின்றான். மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். என் மகள் கடலை மெல்வது கண்முன் தெரிந்தது. அவ்வளவுதான். அதற்குமேல் நான் எதையும் யோசித்து முடிவு செய்யவில்லை. வாய் தானாகப் பேசியது.

"தூரத்துல இருந்தேன். முகம் சரியா ஞாபகம் இல்லை."

அரசு வக்கீல் போலீஸில் நான் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். நீலச் சட்டை, கடிகாரம். "இது நீங்க சொன்னதுதானே?"

"சொன்னேன். இப்ப நிச்சயமா சொல்ல முடியலை."

என் குரல் எனக்கே விசித்திரமாகக் கேட்டது. மெலிந்து, உயர்ந்து ஒலித்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி எதுவும் இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் எனக்கு வந்தது வெட்கம் அல்ல. பசி. கணவர் பக்கத்து ஓட்டலுக்கு அழைத்துப்போனார். இரண்டு பரோட்டா சாப்பிட்டு, மூன்றாவதும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக நான் அந்த இரண்டு மாதத்தில் எதையும் சாப்பிட்டிருக்கவில்லை. வெட்கம் பஸ்ஸில் வந்தது.

தாம்பரம் பஸ்ஸில் ஒரே கூட்டம். முன்பக்கம் கீரைக்காரர் நின்றுகொண்டிருந்தார், நல்ல கையால் கம்பியைப் பிடித்தபடி. பெண்கள் இருக்கையில் ஒரு இடம்தான் காலி. அது அவர் மனைவிக்குப் பக்கத்தில். நின்றுகொண்டே வந்துவிடலாம் என்று பார்த்தேன். கண்டக்டர் விடவில்லை. "உக்காரும்மா, இடம் இருக்குல்ல" என்று அதட்டினார்.

சிங்கப்பெருமாள்கோயில் தாண்டும்வரை அந்தப் பெண் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"டீச்சரம்மா, நீங்க பார்த்தீங்க இல்ல?"

"பார்த்தேன்."

"அவன்தானே?"

"அவன்தான்" என்றேன். "கடிகாரத்தைத் திருப்பிக் கட்டியிருக்கான் பாருங்க, அவன்தான். மூணு தடவை அடிச்சான்."

அவள் இப்போது என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அதைத் தாங்கியிருப்பேன்.

"ஊர்ல எங்காளு குடிச்சிட்டு வியுந்து கையை உடைச்சிக்கினாருன்னு சொல்றாங்க. எனக்கே ஒரு நாள் அப்புடி இருக்குமோன்னு தோணிப்போச்சு. அதான் கேட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "இத்த அங்க சொல்லிருக்கலாம்."

பெருங்களத்தூர் வந்தது. இறங்கும்போது அவள் கணவர் பழக்கத்தில் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

வழக்கு இரண்டு மாதத்தில் விடுதலையில் முடிந்தது. அதற்கு முன்பே நான் குறைகளை எழுதி முடித்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து ஒரே வீச்சில் எழுதினேன். பயத்தை இவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருக்கும் ஒரு டைரக்டர் கடைசிக் கால் மணி நேரத்தில் அதை மறந்துவிடுகிறார் என்று எழுதினேன். குச்சி சீவுகிறவனை எதிரில் உட்காரவைத்தது உண்மை. அவனைச் சுட்டதும் எல்லாம் தீர்ந்துவிடுவது பொய். சேணக்காரனின் மனைவிக்கு அந்தப் பத்து நாளில் ஜன்னலில் நிற்பதைத் தவிர வேலையே இல்லை. தண்ணீர் எடுக்க, விறகு வாங்க அவள் அந்த மூன்று பேரைத் தாண்டி எப்படிப் போனாள் என்று காமிரா பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை மளிகைக்காரர். ஊரில் சேணக்காரனைத் தவிர அந்தக் கொலையை உண்மையாகப் பார்த்தவர் அவர்தான். அவருக்கு வீட்டில் யார் இருந்தார்கள் என்று படம் சொல்லவில்லை. கீச்சுக்குரலைக் கொடுத்து, முகத்தில் மாவைப் பூசி, நாம் சிரித்து மறந்துவிட வழிசெய்துவிட்டது. நானும் சிரித்தேன். கூண்டில் எனக்கும் அதே குரல்தான் வந்தது.

செயலாளர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது படத்தோட குறையாம்மா, உங்க குறையா?"

"ரெண்டும் சார்."

அவர் அதை அச்சிட்டார். ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. அடுத்த கூட்டத்தில் என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்தேன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்தார். எந்தக் கூட்டத்திலும் முதல் வரிசையில் உட்காருபவர்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதேம்மா. நம்மள மாதிரி ஆளுங்க படம் பாக்க வர்றதே ரெண்டு மணி நேரமாவது தைரியமா இருந்து பாக்கத்தான். அந்தாளு சுடாம வீட்டுக்குப் போயிட்டா நான் எதுக்கு வரணும்? அதைப் போய்க் குறைன்னா எப்படி?"

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நானும் அதற்காகத்தான் அந்தப் படத்தை ரசித்தேன். டீ வந்தது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அன்று பெருங்களத்தூரில் இறங்கி ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தோம். மகள் கணவரின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கல்வெர்ட் கண்ணுக்குத் தெரிந்ததும் அவர் நின்றுவிட்டார்.

"நீ எழுதினதுல ஒண்ணு தப்பு" என்றார். "கூண்டுல நீ பயந்துதான் அப்படிச் சொன்னேன்னு எழுதியிருக்க."

"ஆமாம்."

"நீ சொல்றதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"பாப்பாவை அக்கா வீட்டுல விட்டிருந்தோம் இல்ல, அப்ப ஒரு நாள் ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு வந்தேன். அந்தக் கடலைக்காரன்கிட்ட போனேன். எங்க வீட்டம்மா அடையாளம் காட்ட மாட்டா, நான் பார்த்துக்கறேன், நீ இனிமே வராதேன்னு சொன்னேன். மறுநாள்லேருந்து அவன் வரலை."

"அவன் என்ன சொன்னான்?"

"'சர்தான் சார், பெரியவங்க சொன்னா போதும்'னான். கை குடுத்தான்."

"நீங்க?"

"குடுத்தேன்."

அவர் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். நான் தைரியமாக இருந்த அந்தப் பத்து நாளும் எனக்கு அவர் வாங்கிக் கொடுத்த நாட்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் கூண்டில் அடையாளம் காட்டியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "தெரியலை. அன்னைக்குக் கோர்ட்ல நீ வாயைத் திறக்கிற வரைக்கும் நான் உயிரோட இல்லை" என்றார்.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். யோசிக்க யோசிக்க, அவர் செய்ததை நானே செய்யச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அதுதான் அதிகம் வலித்தது. மூன்றாம் நாள் காலை அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது பின்னால் போய் நின்றேன்.

"கீரைக்காரர் வீட்டுக்குப் போயிட்டு வரலாம். ரெண்டு பேருமா."

"போய் என்ன சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுவோம்."

அன்று சாயங்காலம் போனோம். அவர்கள் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண், அவர்கள் நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்டு அனகாபுத்தூரில் மனைவியின் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று சொன்னாள். ஒரு வாரம் ஆகிறதாம். விலாசம் தெரியாது, ஆத்தோரம் ஏதோ சந்து என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அனகாபுத்தூர் போய்ச் சந்து சந்தாக விசாரித்தோம். விரல் மடங்காத கீரைக்காரர் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வீட்டு வாசலில் ஒருவர், "பேரு இன்னா?" என்று கேட்டார். பேரைச் சொன்னோம். தெரியாது என்று தலையை ஆட்டினார். அதன் பிறகு இன்னும் ஒரு தடவை போனோம். பிறகு போகவில்லை.

தொண்ணூறுகளில் கீரைக்காரரின் அந்த நிலம் முழுவதும் வீடுகள் வந்துவிட்டன. அங்கே குடிவந்தவர்களின் பிள்ளைகள் சிலர் என் பள்ளியில் சேர்ந்தார்கள், என் வகுப்பில் ஆங்கிலம் படித்தார்கள். நல்ல பிள்ளைகள். அவர்கள் பெற்றோர் வீட்டுக்கு வந்து போகச் சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது காரணம் சொல்லிவிடுவேன். ஒரு வீட்டுக்கு மட்டும், கிரகப்பிரவேசத்துக்கு, தவிர்க்க முடியாமல் போனேன். புதுச் சுண்ணாம்பு வாசனை. சாப்பிட உட்காரவைத்தார்கள். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, முதலில் கீரை மசியல் வைத்தார்கள். நான் அதைத் தொடாமல் மற்றதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன்.